டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து யாரையும் கெடுக்காது என்று நம்பியவர்களோடுதான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், படிக்காதவர்கள் இருந்தார்கள், டாக்டர்களும் இருந்தார்கள். நான் மருந்தாளர். முதலில் கிள்ளானில் ஓர் அரசு மருத்துவமனை, பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் மருந்தகம். இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

அண்மையில் அந்த மருந்தகத்தில் என் இடத்தில் இருக்கும் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். வாங்கியது தீரும் முன்னாலேயே மறுபடியும் தூக்க மாத்திரை கேட்டு வந்த ஒருவருக்கு அவள் கொடுக்க மறுத்திருக்கிறாள். அவர் மருந்துச் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, போனிலேயே ஆர்டர் செய்துகொள்கிறேன், எனக்குச் சொல்ல நீ யார் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அக்கா, நாம கொடுக்கலன்னா அவருக்கு வேற வழியே இல்லையா என்ன? அப்புறம் எதுக்கு நாம மறுக்கணும்?" என்று கேட்டாள். குரலில் அலுப்பு.

அன்றைக்கு நான் ஏதோ ஆறுதல் சொல்லி வைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பதிலைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நாங்கள் மெதடிஸ்ட் குடும்பம். எஸ்தர் என்று எனக்குப் பெயர் வைத்தது சபையின் போதகர். பினாங்கில் மருந்தியல் படித்தேன். எந்த மருந்து மூளையில் எங்கே போய் உட்காரும் என்று படம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு மனுஷருக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டால் அவர் வேலையிடத்தில் என்ன நடக்கும், வீட்டில் என்ன நடக்கும் என்பதை எந்தப் பாடமும் சொல்லவில்லை. கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் மேடம் லிம். மெலிந்த, குள்ளமான உருவம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் ஓரத்தால் நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடியும்வரை எதிரில் நிற்பவர் வாய் திறக்கமாட்டார். எங்களோடு ஆங்கிலம், நோயாளிகளோடு மலாய், வயதான தமிழ்ப் பெண்களிடம் மட்டும் எங்களிடமிருந்து கற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்கள்.

பெத்தடின், மார்ஃபின் போன்ற வலிமருந்துகள் அலமாரிக்குள் இருக்கும் இன்னோர் அலமாரியில் இருக்கும். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது. வார்டிலும் அதே கட்டுப்பாடு. டாக்டர் அரை ஆம்பியூல், அதாவது ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பியில் பாதி, எழுதியிருந்தால், மீதி அரையை இன்னொருவர் பார்க்கும்போதே கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டும். இந்தப் 'பார்ப்பது' என்பதில்தான் மேடம் லிம் கறாராக இருப்பார். பக்கத்தில் நின்றால் போதாது. ஆம்பியூலை உடைக்கும் கணத்திலிருந்து ஊசிமுனையை விட்டுக் கண் விலகக்கூடாது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சாட்சியாக நின்றபடி யாருக்கோ பதில் சொல்லத் திரும்பிவிட்டார். மேடம் லிம் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பார்த்தீர்கள்?"

"மீதியை ஊற்றினார், மேடம்."

"எந்த மீதியை?"

திரும்பிய அந்த நேரத்தில் ஊசிக்குள் இருந்தது மருந்தா, தண்ணீரா என்று சத்தியம் செய்ய அவரால் முடியாது. மேடம் லிம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு மருத்துவ உதவியாளர் இருந்தார். கலகலப்பானவர். எல்லோரும் அவரை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். விடுப்பு எடுத்தவருக்குப் பதிலாக வந்து நிற்பார், சிடுசிடுக்கும் நோயாளியையும் சிரிக்க வைப்பார். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மேடம் லிம்முக்கு ஒரு பழக்கம். வாரத்தில் சில நாள் வார்டுக்குப் போய்க் கட்டில் கட்டிலாக நின்று, "ஊசி போட்ட பிறகு வலி குறைந்ததா?" என்று நோயாளிகளைக் கேட்பார். மருந்தாளர் செய்ய வேண்டிய வேலை அல்ல அது. டாக்டர்களில் சிலருக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அவர் விடவில்லை. அப்படிப் போன ஒருநாள், வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு மீனவர் மலாயில் சொன்னார்: "வேறு ஆள் போட்டால் வலி போகிறது. அந்தப் பிரதர் போட்டால் போவதில்லை. அவர் கை ராசியில்லை போல."

மேடம் லிம் சிரிக்கவில்லை. அடுத்தமுறை அந்தப் பிரதர் ஊசியைத் தயார் செய்து தட்டில் வைத்தபோது, பக்கத்தில் போய் நின்று, "இதை நான் எடுத்துக்கொள்கிறேன். இவருக்கு வேறொன்று போடுங்கள்" என்று சொல்லித் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சோதனைக்கு அனுப்பினோம். ஊசியில் இருந்தது உப்புநீர்.

பிரதரை அறைக்கு அழைத்தபோது இரண்டாவது ஆளாக என்னையும் இருக்கச் சொன்னார் மேடம் லிம். முதல் வார்த்தை, "சாவி." பிரதர் அதை மேசைமேல் வைத்தார். அடுத்தது, "உட்காருங்கள்." உட்கார்ந்ததும் அவரே சொல்ல ஆரம்பித்தார். சிறுநீரகக் கல்லில் துடித்த ஒரு நாளில், நோயாளிக்குப் போக மிஞ்சியதைத் தனக்குப் போட்டுக்கொண்டாராம். வலி போனது. அதோடு வேறென்னவோ ஒரு பாரமும் போனது என்றார். பிறகு வலி இல்லாத நாளிலும் அந்தப் பாரம் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது, மிஞ்சியது போதாமல் நோயாளிகளுக்குரியதையும் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

மேடம் லிம் திட்டவில்லை. "இப்போது அறிக்கை எழுதப் போகிறேன். அனுப்பும் முன்னால் நீங்களும் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மனநலப் பிரிவுக்கு உங்களோடு நடந்து வருவேன். வெளியே உட்கார்ந்திருப்பேன்." சொன்ன வரிசையிலேயே செய்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன், இரண்டு பேரும் நீண்ட நடைபாதையில் நடந்து போனார்கள்.

பிடித்துக் கொடுக்கிறவர் எதற்காகக் கூடவும் நடக்க வேண்டும் என்று பிறகு அவரிடம் கேட்டேன். "சாவியை வாங்காவிட்டால் நோயாளிகள் வலியில் கிடப்பார்கள். கூட நடக்காவிட்டால் அவன் செத்துப்போவான். இதில் எதை விடச் சொல்கிறாய்?" என்றார்.

பிரதருக்குத் தண்டனை கிடைத்தது, மருந்தைத் தொடாத வேலைக்கு மாற்றினார்கள். ஆனால் உயிரோடு இருந்தார், குடும்பத்தோடு இருந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் மருந்தகத்துக்கு வந்தபோது நிலைமை வேறு. இரண்டு சாவி, இரண்டு ஆள் எல்லாம் மருத்துவமனைச் சுவருக்குள்தான். வெளியே தெருவுக்குத் தெரு கிளினிக் இருக்கிறது. டாக்டரே பார்த்து டாக்டரே மருந்தும் கொடுத்துவிடுவார். செந்தூல் கிளினிக் கொடுத்தது ஷா ஆலம் கிளினிக்குக்குத் தெரியாது. நோயாளி சொன்னால்தான் உண்டு. அவர் பொய் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை, கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

சரோஜா அங்கேதான் எனக்கு அறிமுகம். நாற்பதைத் தாண்டியவள், பள்ளி வேன் ஓட்டினாள். செந்தூல் அடுக்குமாடிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இறக்குவாள். மத்தியானம் திரும்பக் கூட்டிக்கொண்டு போவாள். கணவன் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. வேன் அவளுடையது. எந்தப் பிள்ளைக்கு வளைவில் திரும்பினால் வாந்தி வரும், எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அடித்துக்கொள்வார்கள், யார் வீட்டில் காலைச் சாப்பாடு கிடையாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முன் இருக்கைக்குக் கீழே எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கும். பிள்ளைகளுக்கு அவள் 'வேன் ஆன்டி'.

ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது சிக்னலில் நின்றிருந்த வேனைப் பின்னால் வந்த லோரி இடித்தது. முதுகெலும்புத் தட்டு நகர்ந்துவிட்டது. செந்தூலில் அவள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் டிராமடோல் என்ற வலிமருந்தை எழுதினார். வலியில் தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரையும் எழுதினார். அந்த நேரத்தில் இரண்டுமே தேவைதான். நான் பார்த்த கதைகளில் முக்கால்வாசி இப்படி நியாயமாகத்தான் ஆரம்பித்தன.

அந்த டாக்டர் இந்த மருந்துகளைத் தன்னிடம் வைத்திருக்காமல் சீட்டுதான் எழுதுவார், அதைக் கொண்டுவந்து அவள் என்னிடம் மருந்து வாங்குவாள். மாதங்கள் போகப்போக, மருந்து தீரவேண்டிய நாளுக்கு முன்னாலேயே வர ஆரம்பித்தாள். ஒருமுறை சிங்க்கில் விழுந்து நனைந்துவிட்டது என்றாள். இன்னொருமுறை தங்கை வீட்டில் மறந்து வைத்துவிட்டாளாம். பேசும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். இமைகள் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறின. குளிர்சாதனம் ஓடும் கடையில் அவள் மேலுதட்டில் மட்டும் வேர்த்திருந்தது. நான் கவனித்தேன், ஆனால் கவனித்ததை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளே சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்த கேப்சூல் எனக்குக் கேக்கல. கிள்ளான்ல கொடுக்கிற வெள்ளை மாத்திரைதான் நல்லா கேக்குது. அதே இருந்தா கொடுங்களேன்."

"கிள்ளான்ல யாரு கொடுக்கிறாங்க?"

அவள் கை சொறிவதை நிறுத்தியது. "தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப அங்க ஒரு கிளினிக் லா. எப்பயாச்சும்தான்."

"உக்காருங்க சரோஜா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

உள்ளே போய் முதலில் செந்தூல் டாக்டரை அழைத்தேன். கிள்ளானில் வாங்குவது அவருக்குத் தெரியாது. அடுத்து அந்தக் கிள்ளான் கிளினிக். செந்தூலில் வாங்குவது அங்கே தெரியாது. மனதில் ஏதோ உறுத்த, எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்கையும் அழைத்தேன். அங்கேயும் அவள் வருகிறாள். மூன்று இடத்திலும் வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. மூன்று டாக்டர்களும் தாங்கள் கொடுப்பது மட்டும்தான் அவளுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டிராமடோலும் தூக்க மாத்திரையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அளவு கூடினால் தூக்கம் சொல்லாமல் வரும், மூச்சு மெதுவாகும், சிலருக்கு வலிப்பும் வரும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். கடைக்கு வெளியே மஞ்சள் வேன் நின்றது.

எனக்கு உடனே வெளியே போகத் துணிவு வரவில்லை. மருந்தைப் பற்றிய விஷயத்தில் வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை. அவள் பிழைப்பு அந்த வேன். ஓய்வுபெற்று ஈப்போவில் இருந்த மேடம் லிம்மை அழைத்தேன். விஷயத்தை வேகமாகச் சொன்னேன்.

"வேனில் யார் போகிறார்கள்?" என்று கேட்டார்.

"பள்ளிப் பிள்ளைகள், மேடம்."

"பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டாய்?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கவுண்டருக்கு வெளியே வந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கிற மூலையில் இரண்டு நாற்காலி உண்டு. அவளை அங்கே வரச்சொல்லி எதிரில் உட்கார்ந்தேன். மூன்று கிளினிக்கிலும் பேசிவிட்டதை முதலிலேயே சொன்னேன். பொய் சொல்லும் சிரமத்தை அவளுக்குக் கொடுக்க நான் விரும்பவில்லை.

அவள் முகம் சிவந்தது. "நான் என்ன கஞ்சா அடிக்கிறவளாக்கா? குடிக்கிறேனா? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே? வலி எனக்குத்தானே தெரியும்?"

"வலி இருக்கு. அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா எழுதினது யாருன்னு உங்க உடம்புக்குத் தெரியாது சரோஜா. போடலன்னா என்ன ஆகுது?"

"கால் ரெண்டும் உள்ளுக்குள்ள ஓடற மாதிரி இருக்கும். மூக்கு ஒழுகும். யார் மேலயாச்சும் எரிஞ்சு விழுவேன். போட்டா சரியாயிடும்."

"முதுகு வலிக்காகப் போடறீங்களா, இதுக்காகப் போடறீங்களா?"

அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைக்கு வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தும்மல் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேன்ல என்னிக்காச்சும் கண்ணை மூடினதுண்டா?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவை. பின்னாடி இருந்த பிள்ளை ஆன்டின்னு கத்துச்சு" என்றாள்.

"சாவியைக் கொடுங்க."

"மத்தியானம் பிள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போறது? நான் சாப்பிடறதுக்கு என்ன பண்றது?"

"சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு இப்ப எனக்கும் தெரியல. கண்டுபிடிப்போம். ஆனா அந்த சீட்ல நீங்க இன்னிக்கு உக்காரக்கூடாது."

"பேரண்ட்ஸ்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"நீங்கதான் சொல்லணும். நீங்களே வண்டியை எடுத்தா, நான் ஸ்கூல் கேட்ல வந்து நிப்பேன். எனக்கும் அதுல இஷ்டம் இல்ல. ஆனா நிப்பேன்."

அவள் எழுந்து கதவுவரை போனாள். வெளியே நின்று வேனையே பார்த்தாள். நான் பின்னால் போகவில்லை, ஆனால் என் கால்கள் தயாராக இருந்தன. திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தாள், வைத்தாள் என்பதைவிட வீசினாள் என்பதுதான் சரி. பிறகு அவளுடைய மாமா மகன் ராஜன் அண்ணனுக்குப் போன் போட்டாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், உரிமத்தை இன்னும் புதுப்பித்து வைத்திருந்தார். செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தப் பிள்ளை எந்த புளோக்ல இறங்கணும்?" அன்று மத்தியானம் அவர் ஓட்ட, சரோஜா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை. செந்தூல் டாக்டரை நேரில் பார்க்கப் போனேன். வயதானவர், நல்லவர், அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் குடும்ப டாக்டர்.

"எஸ்தர், நான் கொடுக்கலன்னா அடுத்த கிளினிக்ல போய் வாங்கிக்குவா. இங்க வந்தாலாவது என் கண்ணு முன்னால இருப்பா" என்றார்.

"அடுத்த கிளினிக்லயும் கொடுக்கமாட்டாங்க, டாக்டர். கிள்ளான்லயும் கொடுக்கமாட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் பேசி ஒத்துக்க வெச்சிட்டுத்தான் வரேன். இனி எழுதறது நீங்க மட்டும். கொடுக்கறது நான் மட்டும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிறகு மேசையில் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். "ரெண்டையும் ஒரே நேரத்துல குறைச்சா ஆடிப்போயிடுவா. தூக்க மாத்திரையைச் சட்டுனு நிறுத்தவே கூடாது, ஃபிட்ஸ் வந்துடும். முதல்ல வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம். பிசியோவுக்கு நான் எழுதறேன். பெரிய ஆஸ்பத்திரில இதுக்குன்னு இருக்கிற டாக்டர்கிட்டயும் அனுப்பறேன். நீங்க ஒரு வாரத்துக்கு மேல கையில கொடுக்காதீங்க" என்று அடுக்கினார். அவளைக் கைவிடுகிறோமா என்ற கவலையில்தான் அவர் அதுவரை தயங்கியிருக்கிறார். வழி இருக்கிறது என்று தெரிந்ததும் என்னைவிட வேகமாக நடந்தார்.

பெற்றோர்களுக்குச் சரோஜாவே சொன்னாள். வாட்ஸப் குழுவில் அவள் அனுப்பிய குரல்பதிவை எனக்கும் அனுப்பினாள். "வணக்கம். நான் வேன் ஆன்டி பேசறேன். எனக்குக் கொடுத்த மருந்து தூக்கம் வர்ற மருந்து. அளவுக்கு மேல போட்டுக்கிட்டேன். அதை விடற வரைக்கும் எங்க ராஜன் அண்ணன் ஓட்டுவாரு, நான் கூட இருப்பேன். வேற வேன் பாக்கறவங்க பாக்கலாம், நான் வருத்தப்படமாட்டேன்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. சில பெற்றோர் விலகினார்கள். சிலர் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதிக்குமேல் இருந்தார்கள். ஓர் அம்மா மட்டும் மருந்தகத்துக்கே வந்து, தன் கணவரும் அதே மாத்திரையை இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறார், என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார்.

குறைத்த மாதங்கள் கொடுமை. ஒவ்வொரு வாரமும் ராஜன் அண்ணனோடு வருவாள். கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பாள், கண்ணில் நீர் வழியும், போர்வையைப் போர்த்திக்கொண்டு வேர்ப்பாள். "உங்களுக்கு முதுகு வலிச்சிருந்தா தெரியும்" என்று என்னைத் திட்டுவாள். திட்டட்டும் என்று விடுவேன். அடுத்த வாரம் வந்தாளா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு வாரம் சிரித்த முகத்தோடு வந்தாள். நன்றாகத் தூங்குகிறாளாம். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மருந்து குறைத்த வாரத்தில் அப்படித் தூக்கம் வராது. பேச்சில் 'ர' குழைந்தது.

"யாரு கொடுக்கிறாங்க சரோஜா?"

மறுக்க வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "வாங்க, தங்கச்சிகிட்டயே கேளுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் போனோம். அவள் தங்கை விமலா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்து அடுப்பை அணைத்தாள்.

"பாவம்க்கா. போன்ல அழுவுறா. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. எங்க மாமியாருக்குக் கொடுத்த தூக்க மாத்திரை மிச்சம் இருந்துச்சு. பாதி பாதியாத்தான் கொடுத்தேன்."

அந்த மாமியார் இறந்தே நாளாகிவிட்டது. மிச்சம் எங்கே என்று கேட்டேன். சமையலறை மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறக்கினாள். மேசைமேல் கவிழ்த்தபோது மேசையே நிறைந்துவிட்டது. மாமியாருடைய மாத்திரைகள், விமலாவின் கணவருக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்த வலிமாத்திரை, மகனுக்கு எப்போதோ வாங்கிய இருமல் மருந்து, பெயரே அழிந்துபோன பாக்கெட்டுகள். அக்காள் மேல் வைத்த அன்புதான் அந்த மேசை முழுக்கக் கிடந்தது. விமலாவைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

"நீங்களே பிரிங்க" என்று சரோஜாவிடம் சொன்னேன்.

அவள் பிரித்தாள். எது தூக்கம் தரும், எது மயக்கம் தரும், எதை எதோடு போட்டால் இன்னும் ஏறும் என்று ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தபடி சொன்னாள். லேபிளைப் பார்க்கவே இல்லை. விமலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அக்காவை எது பிடித்து வைத்திருக்கிறது என்று அவளுக்கு அந்த நேரத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். ஒரே ஓர் அட்டையைச் சரோஜா மற்றவற்றைவிட அதிகநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதையும் என் பையில் போட்டாள். மறுநாள் அத்தனையையும், பயன்படுத்தாத மருந்தைத் திரும்ப வாங்கும் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகும் அவள் தடுக்கி விழுந்ததுண்டு, ஆனால் மறைக்கவில்லை. எங்களிடம் வந்து சொன்னாள். டாக்டர் குறைப்பதைக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் இறக்கினார். இரண்டு மருந்தும் முழுவதுமாக நிற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதுகுவலி முழுக்கப் போகவில்லை. பிசியோ சொன்ன பயிற்சியைப் பாய் விரித்துத் தினமும் செய்கிறாள், முடியாத நாளில் வெந்நீர் ஒத்தடம். ஓட்டலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் முதல் சில வாரம் ராஜன் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஓட்டினாள். விலகிப்போன பெற்றோரில் சிலர் திரும்பி வந்தார்கள்.

அந்த இளம் மருந்தாளருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். நாம் கொடுக்காவிட்டால் வேறு வழி இருக்கிறது, உண்மை. அந்த வழிகளில் நம்மால் போன் போட்டு அடைக்க முடிந்ததை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டு, அந்த ஆள் திரும்பி வரக் கூடிய ஒரு கதவையாவது திறந்து வைத்திருக்க வேண்டும். 'இல்லை' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டால் அது மறுப்பு மட்டும்தான். சீட்டைக் கசக்கி எறிந்தவரின் டாக்டர் யார் என்று கண்டுபிடி. இன்றைக்கே அவரிடம் பேசு. அந்த மனுஷர் நாளைக்கு வந்தால், வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்.

எழுதி முடிக்கும் முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு முழங்கால் அறுவை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது வலிமாத்திரை கொடுத்தார்கள். அதன் பெயர், அளவு, ஆபத்து எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் சாயங்காலம் சரோஜா மீன்குழம்பு கொண்டுவந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் இருந்த மருந்துப் பையை எடுத்துப் பார்த்தாள். அட்டையைத் திருப்பி, காலியான குழிகளை விரலால் தடவினாள்.

"அக்கா, ராத்திரி வலிக்குதா, இல்ல தூக்கம் வரலன்னு போடறீங்களா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாரிடம் கேட்கிறாள் என்று தோன்றியது. அவள் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நேத்து ராத்திரி வலி இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "சரி. இன்னிக்கு வலிச்சா மட்டும் போடுங்க. காலையில போன் பண்ணுவேன்."

பண்ணினாள். வேன் கிளம்பும் முன்னால், பின்னணியில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, தினமும் பண்ணினாள். அந்த அட்டையில் மிஞ்சியதை நான் திருப்பிக் கொடுக்கும்வரை விடவில்லை.